என் முகத்துக்குக் கீழே நாலு வரி

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கைலியும் பனியனுமாக வாசலில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணின் வாசனை கால்வாய் ஓரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஒரு கார் வந்து கேட் அருகே நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். ஒரு கையில் பெரிய ரோஜா மாலை, மறு கையில் கைப்பேசி. கைப்பேசியில் வீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே என்னிடம் கேட்டார்.

"எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

"எதைங்க?"

"பாடிய."

பக்கத்து வரிசையில் யாரோ போய்விட்டார்கள் போலிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். "யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டபடி குழாயை அடைத்தேன்.

அவர் நிமிர்ந்தார். அடுத்த கணம் மாலை அவர் கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. இரண்டு எட்டு பின்னால் போய் கேட்டில் முதுகை இடித்துக்கொண்டார். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. தனபாலன். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த பகுதியில் வேலை பார்த்தவர். வாடா போடா என்று பழகியவர்.

"சேகரு... நீங்க..." என்றார்.

அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் எனக்கு மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை. செத்துப்போனதற்குக் கிடைத்த மரியாதை என்று பிறகுதான் புரிந்தது. அவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

திரையில் என் முகம் இருந்தது. கறுப்பு வெள்ளையில், கன்னச் சுருக்கம் ஒன்று விடாமல். முகத்துக்குக் கீழே என் கவிதை நாலு வரி. அதற்கும் கீழே என் பெயரும் ஊரும்: ஞானசேகரன், தெப்ராவ். எல்லாவற்றையும் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கட்டம்.

அதோடு யாரோ ஒரு புண்ணியவான் எழுதிச் சேர்த்திருந்தார்: "கவிஞர் ஞானசேகரன் நம்மை விட்டுப் பிரிந்தார். ஆழ்ந்த இரங்கல். மற்ற விவரம் பிறகு."

நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று உண்மையாகவே கை வைத்துப் பார்த்தேன்.

கொடியில் காய்ந்த படங்கள்

இந்த இடத்தில் சியூ லானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், எனக்குப் பின் வரிசையில் இருப்பவள். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் அவள் வீட்டைத் தாண்டி நடந்து போனபோது, துணி காயப்போடும் கொடியில் வரிசையாகத் தாள்கள் தொங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே மீன். நனைந்த செய்தித்தாளை யாரோ காயவைக்கிறார்கள் என்று நினைத்து நெருங்கிப் போன எனக்கு மையின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

மரப்பலகையில் படத்தைச் செதுக்கி, மை தடவி, தாளை மேலே வைத்துச் சோற்றுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்சு எடுப்பாள். இயந்திரம் எதுவும் கிடையாது.

எங்கள் பேச்சு மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒரு குழப்பம். அதை இங்கே தமிழில் தருகிறேன். வாக்கியத்தின் கடைசியில் அவள் ஒட்டும் 'லா'வை மட்டும் விட்டுவைக்கிறேன்.

"நீ என்ன பண்ணுற?" என்று அன்று கேட்டாள்.

"கவிதை எழுதுறேன்."

"எங்க இருக்கு, காட்டு."

வாரப் பத்திரிகையில் வரும், அதற்கடுத்த வாரம் அதில் வடை மடிப்பார்கள் என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு தாள். ஒரு கவிதை. ஒரு படம். சுவத்துல மாட்டு லா. யாரு அதுல வடை மடிக்கிறான்னு பார்ப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அச்சகத்தில் கவிதையைத் தாளின் கீழ்ப்பாதியில் அச்சடித்து வாங்குவேன். மேல்பாதி வெறுமையாக இருக்கும். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கவிதையை என் அரைகுறை மலாயில் ஒரே ஒரு தடவை சொல்வேன். சொல்லும்போதே அவள் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருப்பாள். விளக்கம் கேட்கக் கூடாது. அவள் என்ன வரைந்தாள் என்று நானும் பார்க்கக் கூடாது. அவளே படத்தை அச்செடுத்து, கடைகளில் கொண்டுபோய் மாட்டிய பிறகு, ஊர் பார்க்கும்போதுதான் நானும் பார்க்க வேண்டும். அது எங்களுக்குள் விளையாட்டாக வைத்துக்கொண்ட சட்டம்.

இந்தச் சட்டத்தால் எனக்கு நேர்ந்த அவமானங்கள் பல. பிரிவைப் பற்றி உருகி உருகி நான் எழுதிய கவிதைக்கு அவள் ஒரு மின்சாரச் சோற்றுப்பானையை வரைந்திருந்தாள். முடிதிருத்தும் கடையில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். பானையில் ஒரே ஓர் ஆளுக்கான சோறுதான் இருந்தது. என் கவிதையில் இல்லாத பிரிவு அந்தப் பானையில் இருந்தது. அதை அவளிடம் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

டயர் கடை, கிளினிக், சாப்பாட்டுக் கடை என்று எங்கெல்லாம் மனிதர்கள் சும்மா காத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் எங்கள் தாள் தொங்கியது. படிக்கிறார்களா என்று மறைந்து நின்று பார்ப்பேன். பெரும்பாலும் கைப்பேசியைத்தான் பார்த்தார்கள்.

நம் ஆட்களின் கண்

என்னைச் சாகடித்த கவிதைக்கு வருகிறேன்.

*விடியுமுன்னே போய்விட்டான்.*
*கொடியில் அவன் சட்டை*
*இன்னும் ஈரமாய் ஆடுகிறது.*
*கதவைச் சாத்தாதீர்கள்.*

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனைப் பற்றிய கவிதை இது. விடியுமுன் எழுந்து, ஜொகூரிலிருந்து கடலைக் கடக்கும் பாலத்தில் நெரிசலுக்கு முன்னால் பஸ் பிடிக்க ஓடுகிறவன். நானே பல காலம் அப்படி ஓடியவன்தான். ஜொகூரில் இதைப் புரிந்துகொள்ளாத குடும்பம் இருக்கிறதா என்று மார்தட்டிக்கொண்டு எழுதினேன். இதற்குச் சியூ லான் என் முகத்தையே செதுக்கியிருந்தாள், எங்கள் சட்டப்படி நான்தான் அதை இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் நம் ஆட்களின் கண் வேறு மாதிரி பழகியிருக்கிறது. ஒரு முகம், அதன் கீழே நாலு வரி, சுற்றிலும் கறுப்புக் கட்டம். இந்த மூன்றும் ஒரே தாளில் வந்தால் நமக்கு அது கண்ணீர் அஞ்சலி. பத்திரிகையில் பார்க்கிறோம், கோயில் வாசலில் பார்க்கிறோம், மின்கம்பத்தில் பார்க்கிறோம். உயிரோடு இருப்பவன் முகத்துக்குக் கீழே யாரும் கவிதை அச்சடிப்பதில்லை. அச்சடித்தால் அவன் தேர்தலில் நிற்பவனாக இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்காரர் வேறு நல்ல மனதோடு ஒரு காரியம் செய்திருந்தார். கை கழுவும் தொட்டிக்கு மேலே அவர் கடையில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அதில் ஏற்கெனவே குத்தியிருந்த இரண்டு மரண அறிவிப்புகளுக்கு நடுவில் எங்கள் தாளையும் குத்திவிட்டார். கை கழுவ வந்த யாரோ ஒருவர் என் முகத்தைப் பார்த்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, படம் எடுத்து, ஊருக்கு அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலை நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது. வாசலில் மாலையோடு ஒரு மனிதர், உள்ளே என் மனைவி எஸ்தரின் கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

எஸ்தர் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். சாவு என்றதும் பதறுகிற ஆள் இல்லை. வெளியே வந்து தனபாலனையும் தரையில் கிடந்த மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சர்ச்சிலேர்ந்து கூப்பிடுறாங்க. பெட்டி எந்த அளவு வேணும்னு கேக்குறாங்க. என்னங்க நடக்குது இங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. ஓர் இளைஞன் தலையை வெளியே நீட்டி, "அங்கிள், கெமா எங்க போடணும்? ரோட்டை மறைச்சுப் போடலாமா?" என்றான். கெமா என்றால் துணிப் பந்தல். அண்டை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்ல அண்டை வீட்டார், குறை சொல்லக் கூடாது.

"யாருக்குப்பா கெமா?" என்றேன்.

அவன் தன் கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அலமாக்!" என்று கத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

கடைசியாவது நல்லா எழுதியிருக்காரு

அடுத்த ஒரு மணி நேரம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதிலேயே போனது. வந்தவர்களுக்கெல்லாம் எஸ்தர் காப்பி கொடுத்தாள். அழுதுகொண்டே வந்தவர்கள் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்துவிட்டு, "இப்படியா பயமுறுத்துறது!" என்று திட்டினார், நானே திட்டமிட்டுச் செத்த மாதிரி.

தனபாலனின் கைப்பேசியில் இரங்கல் செய்திகளைப் படித்தேன். படிக்காதீர்கள் என்று எஸ்தர் சொன்னாள். எந்தக் கவிஞனால் படிக்காமல் இருக்க முடியும்? என் கவிதையை இத்தனை பேர் ஒரே நாளில் படித்தது அன்றுதான். "எளிமையான மனிதர்" என்று நாலைந்து பேர். "கடைசியாவது நல்லா எழுதியிருக்காரு" என்று ஒருவர். அவர் யாரென்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன்.

அதற்குள் சியூ லான் செருப்புகூடச் சரியாகப் போடாமல் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவளுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"சுவே லா, சுவே! உயிரோட இருக்கிற ஆளுக்கு நான் இப்படிப் பண்ணிட்டேனே!" அபசகுனம் என்பதை இங்கே சீனர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"எதுக்கு என் முகத்தை வரைஞ்ச?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீ சொன்னப்ப எனக்குச் சட்டை தெரியல. கொடி தெரியல. கதவைச் சாத்தாதீங்கன்னு சொன்ன பாரு, அப்ப நீ யாரையோ பார்த்துக்கிட்டு இருந்த. அந்த முகம்தான் கவிதைன்னு நினைச்சேன்."

"கறுப்புக் கட்டம்?"

"அது கதவு லா. கதவு நிலை. நீ வாசப்படியில நிக்கிற."

அவள் சொன்னது சரி. அந்த வரியைச் சொன்னபோது நான் ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கேட்டதில் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பது, செத்துப்போனதாகக் கேள்விப்பட்டதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அவள் வழியில் இரண்டு கடைகளில் கிழித்தெடுத்த தாள்களைச் சோபாவில் போட்டுவிட்டு, மிச்சத்தையும் எடுக்கக் காரில் ஏறிப் போனாள்.

காஹாங் வீட்டு ஈரத் தரை

நான் நினைத்துக்கொண்டிருந்தது என் அண்ணன் மாணிக்கத்தை.

காஹாங்கில் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். அப்பா போன பிறகு அம்மா அவரோடுதான் இருந்தார். நான் ஜொகூர் பாருவுக்கு வந்து, சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு, எஸ்தரைக் கல்யாணம் செய்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டேன். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் எதைப் பற்றியும் அதிகம் சொல்கிறவர் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். "சாதா காய்ச்சல்தான். நீ வேலையைப் பாரு," என்றார் அண்ணன். நானும் வேலையைப் பார்த்தேன். சில நாள் கழித்து ஒரு காலையில் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. அம்மா போய்விட்டார்.

பள்ளி விடுமுறைக் காலம் அது. பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் புகையிலும் வெயிலிலும் பாலம் முழுக்க நடந்தே வந்தேன். நடந்துகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டேன். "வந்துக்கிட்டு இருக்கேன், எடுத்துடாதீங்க," என்றேன். "சரி," என்றார்.

டாக்சி பிடித்துக் காஹாங் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அம்மா இல்லை. கூடத்தை அலம்பிவிட்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் செருப்போடு நின்றேன். சுடுகாட்டிலிருந்து நனைந்த வேட்டியோடு அண்ணன் வந்தார்.

"ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையாண்ணே?"

"நேரம் ஆயிருச்சு," என்றார். அவ்வளவுதான்.

நான் வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவனானவன், கொள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்று எடுத்துவிட்டார், அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு காரணம் தோன்றவில்லை. அன்று திரும்பி வந்தவன் அவரோடு பிறகு பேசவே இல்லை. அவரும் பேசவில்லை.

அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. இதை எத்தனை தடவை எழுதப் பார்த்தும் கவிதையாக வரவில்லை. இப்போதும் இப்படி வெறும் வாக்கியமாகத்தான் வருகிறது.

குளுவாங்கிலிருந்து ஒரு குரல்

வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்தரின் கைப்பேசி மறுபடி அடித்தது. தெரியாத எண். இன்னோர் இரங்கல் என்று நினைத்து, நான் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எஸ்தரும்மா... நான் மாணிக்கம். காஹாங் மாணிக்கம்."

என் கையிலிருந்த காப்பி தளும்பிக் கைலியில் கொட்டியது.

"குளுவாங் வந்துட்டேம்மா. வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேன். எடுத்துடாதீங்க. எவ்வளவு ஜாமா இருந்தாலும் வந்துருவேன். எனக்காகக் கொஞ்சம் வெய்ட் பண்ணச் சொல்லும்மா. தம்பி மூஞ்சிய ஒரு தடவை பார்க்கணும்." குரல் உடைந்தது. தொடர்பு அறுந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். பச்சையான கோபம். காத்திருக்கச் சொல்கிறாரா? அவரா? என்னையா? சுவரில் ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எஸ்தர் உடனே திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அண்ணன் வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார். மறுபடி கூப்பிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"விடு. சொல்ல வேணாம்."

"என்ன பேசுறீங்க நீங்க? வயசானவரு, அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுறாரு. எங்கயாவது இடிச்சுட்டா?"

"உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா வண்டியைத் திருப்பிருவாரு, எஸ்தர்."

அவள் என் கையை உதறிவிட்டு மறுபடி கூப்பிட்டாள். அவள் செய்ததுதான் சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் மணி அடித்து அடித்து ஓயும்போது, எடுத்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் எடுக்கவே இல்லை.

முதலில் கால்களைப் பார்த்தார்

பழைய பிக்கப் வண்டி ஒன்று, சக்கரமெல்லாம் செம்மண்ணோடு, கேட்டருகே வந்து நின்றபோது உச்சி வெயில். நான் வாசலில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் உட்கார எஸ்தர் விடவில்லை. "நேரா பார்க்கட்டும்," என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் இறங்கினார். மெலிந்து, கூன் விழுந்து, முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மடிப்புக் கலையாத புது வேட்டி. கோடி போடக் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. தம்பியின் சவத்தின் மேல் போர்த்தும் புதுத்துணி. கிறிஸ்தவனாய்ப் போன தம்பிக்கு அதைப் போட விடுவார்களா என்றுகூட யோசிக்காமல் வாங்கி வந்திருக்கிறார்.

நான் எழுந்து நின்றேன்.

அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் என் கால்களைப் பார்த்தார். கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தார். பிறகுதான் என் முகத்துக்கு வந்தார். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சாகலையாடா நீ?"

"இல்லண்ணே."

அத்தனை வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை.

எஸ்தர் ஓடிப்போய் அவர் தோளைத் தாங்கி உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, தம்ளரைக் கையில் வைத்திருந்தார். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். தாள், படம், அறிவிப்புப் பலகை எல்லாம். சோபாவில் கிடந்த தாள்களில் ஒன்றை எடுத்து அவர் எதிரில் இருந்த நாற்காலியில் சாய்த்து வைத்துக் காட்டினேன்.

அவர் அதை உற்றுப் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகக் கவிதையைப் படித்தார். படித்து முடித்ததும் எழுந்துவிடுவார், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று பயந்தேன்.

"சாப்பிட்டுப் போலாம்ணே," என்றேன்.

"நீ கொஞ்சம் தள்ளிப் போ," என்றார்.

"எங்கண்ணே?"

"எங்கயாவது போ. என் கண்ணுல படாம நில்லு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். பொணத்துக்கிட்டன்னா சொல்லிரலாம்னு வந்தேன். உன் மூஞ்சியப் பார்த்து எனக்குச் சொல்ல வராது."

தாளிடம் பேசியவர்

நான் அவர் முதுகுக்குப் பின்னால், சமையலறைக் கதவோரம் போய் நின்றேன். எஸ்தரும் அங்கே நின்றாள்.

அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துத் தாளுக்கு நேரே போட்டுக்கொண்டார். சியூ லான் செதுக்கிய என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அம்மாவுக்குச் சாதா காய்ச்சல் இல்லடா. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு, தாங்காதுன்னு. நீ போன் போட்டப்ப எனக்குத் தெரியும்."

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க உன்னைக் கேட்டாங்க. கண்ணு முழிச்சா உன்னைத்தான் கேட்டாங்க. குளிப்பாட்டி விட்டது நான், கஞ்சி ஊட்டுனது நான், மூத்திரம் அள்ளுனது நான். பக்கத்துலயே உக்காந்திருப்பேன். என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே சேகர் வந்துட்டானான்னு கேப்பாங்க. வரச் சொல்லியிருக்கேம்மான்னு சொல்லுவேன். பொய்யி. நான் சொல்லவே இல்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் பேரைச் சொல்லட்டும், அப்புறம் உனக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். சொல்லாமலே போயிட்டாங்க."

தாளில் இருந்த நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்ற நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கு நீ வந்துக்கிட்டு இருக்கேன்னு சொன்ன. எல்லாரும் காத்திருக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். நீ வந்து அவங்களைத் தொட்டு அழுவ, ஊரு உன்னைப் பார்க்கும், அதை என்னால பார்க்க முடியாதுன்னு எடுக்கச் சொன்னேன். வேதம் கீதம் ஒண்ணும் இல்லடா. பொறாமை. அம்பது வயசுக்கு மேல, பெத்த தாய் பொணத்துக்கு முன்னால, பொறாமை."

வேட்டிப் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். அது நசுங்கிச் சரசரத்தது.

இதுவரை அரை மணி நேரத்துக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அவர் திருடியது அரை மணி நேரம் இல்லை, அம்மாவின் கடைசி நாட்கள் முழுவதையும் என்று இப்போதுதான் தெரிந்தது. பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அம்மா என்னைக் கேட்டிருக்கிறார். காய்ச்சல் மயக்கத்தில் என்னை மறந்துபோயிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். மறக்கவில்லை. இது இவ்வளவு காலமும் இந்த மனிதரின் நெஞ்சுக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது. அம்மா கேட்டதை நேரில் கேட்ட ஆள் அவர்தான்.

"கேட்டுச்சா?" என்றார் அண்ணன், திரும்பாமலே.

"கேட்டுச்சுண்ணே."

"உன்னைக் கேக்கல," என்றார். தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் என் கையை விட்டாள். நான் கூடத்தைக் கடந்து அவருக்கு முன்னால் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த தாளை எடுத்துச் சோபாவில் கவிழ்த்துப் போட்டேன். அது இருந்த இடத்தில், அவர் முட்டியும் என் முட்டியும் இடிக்க, உட்கார்ந்தேன்.

"அம்மா என்னைக் கூப்பிட்டதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே," என்றேன். "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."